அடுத்தூண் வாங்கினவர்கள் வேலைக்குப் போன கதை

பென்ஷன்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஒரு சுகம் உண்டு, வருகிறவர் யாரும் அவசரமாக வருவதில்லை; ஒரு சங்கடமும் உண்டு, வந்தவர் யாரும் அவசரமாகப் போவதுமில்லை.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களில் பென்ஷனுக்கு அடுத்தூண் என்று பெயர். முப்பத்து மூன்று வருஷம் அந்த அடுத்தூண் காகிதங்களை ஒரு சர்க்கார் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது முடிந்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அதே காகிதங்களை ஆபீசுக்கு எதிரே ஒரு தையல்கடை வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. இந்தப் பகுதி தமிழோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. என் மேசைக்கு வந்தவர்கள் கேட்டது வேறு கேள்வி: இன்னும் கொஞ்ச நாள் வேலை பார்க்க விடுவார்களா? உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்தே இருக்கும். மீதியைக் கேளுங்கள்.

முதல் திங்கட்கிழமை

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு மாலை போட்டு, நாலு பேர் பேசி, கால் நன்றாக இருக்கிற எனக்கு ஓர் ஊன்றுகோலும் கொடுத்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் குளித்தேன், விபூதி பூசினேன், சட்டை மாட்டினேன், குடையை எடுத்தேன், பஸ் ஏறினேன். ஆபீஸ் படியில் கால் வைத்தபோதுதான் எனக்கு அங்கே வேலை இல்லை என்பது ஞாபகம் வந்தது. என் நாற்காலியில் புது ஆள் ஒருவர். மைக்கூட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "இரிக்கணும் சாரே" என்றார். எங்கே இருப்பது? இருந்தது ஒரே நாற்காலி.

பத்தரை மணிக்கு வீட்டுக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. எதிரே ஞானமுத்துவின் தையல்கடை. அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரு பழைய போலீஸ்காரர், நான் வேலையிலிருந்து இறங்கிய விஷயமே தெரியாமல், தன் காகிதத்தை என் கையில் தந்தார். எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது, ஆனால் வீட்டில் என்ன சொல்வது என்று பயமாகவும் இருந்தது. என் மனைவி சிவகாமி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள், ஆச்சரியமே காட்டவில்லை. காலையில் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக் கையில் தந்தவளே அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "எனக்கு வேலை இல்லைன்னு நீயாவது சொல்லப்படாதா?" என்று கேட்டேன். அவள் சொன்னது: "நேத்து ஒரு நாளு முழுசும் வீட்டுல இருந்து நாலு தடவ உப்புப் பரணிய எடம் மாத்தி வச்சிய. போறது நல்லதுண்ணு நான் மிண்டாம இருந்தாச்சு."

மகனுக்கும் தாய்க்கும் வயது

நல்லபெருமாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதியன்னூர்க்காரர். சின்ன வயதில் அவரைச் சீக்கிரம் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அவருடைய தகப்பனார் ரெண்டு வயதைக் கூட்டிக் கொடுத்துவிட்டார். ஐம்பது வருஷம் கழித்து அந்த ரெண்டு வயது வந்து நின்றது. ஜாதகப்படி ஐம்பத்து மூன்று, ரெஜிஸ்டர்படி ஐம்பத்தைந்து. வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதரை ரெஜிஸ்டர் வெளியே இழுத்தது. வயதைத் திருத்தக் கேட்டு நான்தான் மனு எழுதினேன். அது தள்ளுபடியாயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் தன் வீட்டு முற்றத்தில் டியூஷன் ஆரம்பித்தார். பள்ளியில் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது என்று பின்னால் என்னிடமே சொன்னார்.

சொல்ல வந்தது விசாரணை நடந்த நாளைப் பற்றி. ஜாதகத்தை மட்டும் நம்ப மாட்டேன் என்று அதிகாரி சொன்னதால், வாத்தியார் பெற்ற தாயையே சாட்சியாகக் கூட்டி வந்தார். வெள்ளை முண்டு, வாய் நிறைய வெற்றிலை, நடை இன்னும் நேராகத்தான் இருந்தது. அதிகாரி முதலில் அந்த அம்மாளின் வயதைக் கேட்டார். அறுபத்திரண்டு என்று தயங்காமல் பதில் வந்தது. அதிகாரி ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்தார். மகனுக்கு ஐம்பத்து மூன்று என்றால் ஒன்பது வயதில் பெற்றிருக்க வேண்டும். "அம்மா, உங்களுக்கு எழுபதாவது இருக்கணுமே" என்றார். அம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னாள்: "ஏமானே, எனக்க மவனுக்க வயச கொறச்சுத் தரணும் எண்ணு சொல்லியாக்கும் வந்தேன். எனக்க வயச எதுக்கு கூட்டுதியோ?"

படிக்காததால் மிஞ்சியது

ஆபீசில் குமாஸ்தாவுக்கு ஐம்பத்தைந்தில் ஓய்வு, பியூனுக்கு அறுபதில். ஏன் என்று கேட்காதீர்கள், நான் முப்பத்து மூன்று வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு ஹெட் கிளார்க்கும் அவருடைய பியூன் சங்கரனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். ஹெட் கிளார்க் கடைசி நாளில் மாலையைக் கழற்றாமலே வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வேறெங்கும் வேலை சொல்லி வைக்கவும் இல்லை. மழை பிடித்துக்கொண்டதால் சங்கரன் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை கூடவே நடந்தான். எங்கள் வராந்தாவைத் தாண்டும்போது ஹெட் கிளார்க் நின்று, "உனக்கு இன்னும் அஞ்சு வருசம் உண்டுல்லா சங்கரா" என்றார். குரலில் பொறாமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சங்கரன் ஆறுதலாகத்தான் பதில் சொன்னான், அவனுக்குக் கேலி செய்யவே தெரியாது: "சாரே, எனக்க அப்பன் என்னப் படிக்க வச்சிருந்தா நானும் இண்ணைக்கு உங்ககூட வீட்டுக்கு வந்திருப்பேன்."

எனக்கே ஒரு மனு

இது எனக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைச்சலான விஷயம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வராந்தாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மாமரத்தடியில் கோலப்பன் என்று ஒருவர் மேசை போட்டிருந்தார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், வக்கீல் இறந்ததும் தனியாக மனு எழுத வந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அடுத்தூண் என்கிற பேச்சே அவருக்குக் கிடையாது. நான் உட்கார்ந்த புதிதில், பொழுது போனால் போதும் என்று நிலத்தகராறு, வரி, வாரிசு என்று எல்லாருக்கும் எழுதினேன். யாராவது கையில் வைத்துவிட்டுப் போனால் வாங்கிக்கொள்வேன், இல்லையென்றால் கேட்கவும் மாட்டேன். பெரிய தர்மம் செய்வதாக நினைப்பு. மூன்று மாதத்தில் மாமரத்தடி காலியாகிவிட்டது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

ஒரு நாள் கோலப்பன் நேராக வந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார். மனு. என் பேருக்கு எழுதிய மனு. மனுதாரர், எதிர்மனுதாரர், விவரங்கள் ஒன்று முதல் ஏழு வரை, கடைசியில் வேண்டுகோள்: அடுத்தூண் வாங்குகிறவர் அடுத்தவர் ஊணில் கை வைக்காதிருக்க உத்தரவாக வேண்டும். ஓர் எழுத்துப் பிழை இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உமக்கு இது பொழுதுபோக்காக்கும் ஓய். எனக்கு இது அடுப்பாக்கும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மாதம் பிறந்தால் எனக்கு வருவது வந்துவிடும், அந்தத் தைரியத்தில்தான் இத்தனை தாராளம் என்பதை அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஞானமுத்துவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தூண் காகிதம் மட்டும் எனக்கு, மற்றதெல்லாம் மாமரத்தடிக்கு என்று அங்கேயே ஒத்துக்கொண்டேன். என் கூலியும் இனி அவர் வாங்குகிற அளவே, சும்மா எழுதுவது கிடையாது என்றும் சொன்னேன். கோலப்பன் தன் மனுவைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது சொன்னார்: "நாப்பது வருசமா மனு எழுதுதேன். வாசிச்ச அண்ணைக்கே தீர்ப்பு சொன்ன மொத ஆளு நீராக்கும்."

எந்தப் பக்கம் அறுபது?

வேலப்பன் ஒரு பத்திரப் பதிவு ஆபீசில் நகல் எழுதுகிறவர். ஐம்பத்து நாலு வயது. எல்லைப் போராட்டத்தில் அவருக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சாமி கும்பிடும்போது ரெண்டும். ஒரு நாள் யாரோ அவரிடம், தெற்கே தமிழோடு சேர்ந்தால் எல்லாருக்கும் அறுபது வரை வேலை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே அவருக்குத் தமிழ் உணர்ச்சி பொங்கிவிட்டது. கூட்டம் நடந்த இடமெல்லாம் போய் முன்வரிசையில் நின்றார். என்னை வழியில் கண்டால் "வணக்கம்" என்று கை கூப்பினார். அதுவரை "என்ன உண்டு விசேஷம்" என்றுதான் கேட்பார்.

ஒரு மாதம் போயிற்று. அந்தப் பக்கமும் ஐம்பத்தைந்துதான், மலையாளத்தோடு நின்றால்தான் கூட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று வேறு யாரோ சொன்னார்கள். வேலப்பன் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, காலையில் மலையாளப் பத்திரிகையைச் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தார். ரெண்டு வதந்திக்கும் ஆதாரம் கிடையாது என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கடைசிப் பையன் படிப்பு முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது, அதுதான் அவருடைய கவலை. எல்லை முடிவாகும் முன்பே அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. ஒரு அரிசி மில்லில் கணக்கெழுத இடம் கிடைத்து, பையன் படிப்பும் முடிந்தது என்பது நல்ல விஷயம். ஆனால் அதற்கு முன், வதந்தி ஓடிய நாட்களில், போராட்டக்காரர் ஒருவரும் அதற்கு எதிர்ப்பக்கக்காரர் ஒருவரும் எங்கள் வராந்தாவிலேயே அவரைப் பிடித்து, நீர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டார்கள். வேலப்பன் ரெண்டு பேரையும் பார்த்துச் சொன்னது: "தமிழும் நல்ல பாஷ, மலையாளமும் நல்ல பாஷ. எனக்கு இன்னும் ஒரு வருசம் கிட்டுமா எண்ணு எந்தப் பாஷையிலயாவது ஒண்ணு சொல்லித் தாங்க."

வேலையா, சும்மாவா

எஸ்தரம்மா சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்தூண் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, நான் சர்க்கார் வேலை எதிலும் சேரவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கும் நான்தான் எழுதினேன். அதை வாசித்துக் காட்டியபோது சர்க்கார் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாள் போராட்டத்துக்காகக் கடையடைப்பு. பஸ் இல்லை. பாறசாலைச் சந்திப்பில் போலீஸ் நின்றது. தெற்கே சில ஊர்களில் உயிர்ச்சேதம் நடந்திருந்த நாட்கள், யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை. நான் மேசை போடப் புறப்பட்டு, பஸ் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தேன். பார்த்தால் எஸ்தரம்மா கைப்பையோடு நின்றுகொண்டிருக்கிறார், எதிரே ஒரு இளம் கான்ஸ்டபிள். எங்கே போகிறீர்கள் என்று அவன் மலையாளத்தில் கேட்க, "சும்மா" என்கிறார். பையில் என்ன என்று கேட்டால், "சும்மா" என்கிறார். இப்படிப்பட்ட நாளில் சும்மா ஒருத்தி பையோடு நடப்பாளா? அவனுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. என்னைக் கண்டதும் அவர் பக்கத்தில் இழுத்து, மெதுவாக, "சாரே, ரண்டு மைலுக்கு அந்தால ஒரு கொச்சுப் பெண்ணுக்கு மொதப் பிரசவம், வலி கண்டாச்சு. வேலைக்குப் போறேண்ணு சொன்னா எனக்க அடுத்தூண் போவும். சும்மாண்ணு சொன்னா இவன் விட மாட்டேங்கான்" என்றார். எழுபது வயதை நெருங்கிய அந்த முகத்தில் அப்படி ஒரு பயம்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடுத்தூண் போகாது, நீங்கள் செய்வது சர்க்கார் வேலை இல்லை என்று அவருக்குத் தமிழிலும், பிரசவம் பார்க்கப் போகிறார் என்று கான்ஸ்டபிளுக்கு மலையாளத்திலும் சொன்னேன். பையைத் திறந்தார்: கத்தரிக்கோல், நூல், பஞ்சு, வெள்ளைத் துணி. அந்தப் பையன் உடனே மேலதிகாரியிடம் ஓடிப்போய் அனுமதி வாங்கி வந்தான். வழியில் யாரும் மறிக்கக்கூடாது என்று பையை அவனே வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். சுகப்பிரசவம், பெண் குழந்தை. நான் சந்திப்பிலேயே காத்திருந்தேன்; மத்தியானம் திரும்பி வந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாளின் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்க என்னிடம் கேட்டது: "ஆ அம்மச்சிக்கு வயசாயி எண்ணு ஆரா சாரே பறஞ்ஞது? எனிக்கு கூட நடந்நு எத்தான் பற்றியில்ல."

அம்பூரியிலிருந்து வந்தவர்

பொன்னையன் அம்பூரி மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். வயது அவருக்கே தெரியாது, பார்த்தால் அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வயதானவர்களுக்கு அடுத்தூண் எழுதித் தரும் ஆள் ஒருவர் உண்டு என்று யாரோ சொல்லி, காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள் என்றேன். மரங்கள் கன்றாக இருந்த நாளிலிருந்து என்றார். கண் மங்கி, வெட்டு ஆழமாக விழுந்து மரம் கெடுகிறதாம். புதிதாக வந்த மேஸ்திரி, நாளை முதல் உம்மைக் கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். பத்து நாளாகக் கூப்பிடவில்லை. தினமும் விடியுமுன் எழுந்து, கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

அடுத்தூண் சர்க்கார் வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் நான் சொன்ன வார்த்தைகளில் கஷ்டமானது அது. அவர் கோபப்படவில்லை. "அப்படியா" என்று கேட்டுவிட்டு எழுந்தார். நான் உட்கார வைத்தேன். மாமரத்தடியிலிருந்து கோலப்பனைக் கூப்பிட்டேன், தனியார் விஷயம் அவர் பங்கல்லவா? ரெண்டு பேருமாகச் சேர்ந்து தோட்ட முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினோம். சட்டம் ஒன்றும் துணைக்கு இல்லாததால், இந்த மனிதர் மரத்தைத் தெரிந்தவர், வெட்டத்தான் முடியாது, வளர்க்க முடியும் என்பதை மட்டும் எழுதினோம். கோலப்பன் கூலி கேட்கவில்லை. அவருக்காக நான் ஒத்துக்கொண்ட சட்டத்தை அன்று அவரே மீறினார்.

ரெண்டு மாதம் கழித்து பொன்னையன் தோளில் ஒரு மூட்டை மரச்சீனிக் கிழங்கோடு வந்து நின்றார். முதலாளி அவரை நாற்றுப் பாத்திக்கு மாற்றிவிட்டாராம். விதை பொறுக்குவதும், தண்ணீர் விடுவதும், ஆடு வராமல் பார்ப்பதும் வேலை. கூலி குறைவு, ஆனால் தினமும் உண்டு. கிழங்கை மூன்றாகப் பங்கு வைத்து ஞானமுத்துவுக்கும் ஒன்று கொடுத்தார். இப்போது திருப்திதானா என்று கேட்டேன். அவர் சொன்னதை நான் அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்: "சர்க்காரு ஆளுவளப் போவச் சொல்லுது. என்ன ஆரும் போவச் சொல்லல்ல, வரண்டாம் எண்ணாக்கும் சொன்னாவ. இப்பம் வரச் சொல்லியாச்சு, அது போரும்."

சர்வேயரின் கால்

கடைசியில் எல்லை முடிவாயிற்று. எங்கள் ஊர்கள் மலையாளத்தோடு நின்றன, பாறசாலையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாட்டுப் பக்கம். வருத்தப்பட்டவர்களும் உண்டு, சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. பழைய எல்லைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறிக்க வேண்டிய வேலை வந்தபோது, அது தெரிந்த ஒரே ஆள் நேசையன்தான் என்று ஆயிற்று. அவர் அடுத்தூண் வாங்கி எட்டு வருஷம் ஆன சர்வேயர். தற்காலிகமாக வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆனால் சர்க்கார் சம்பளம் வாங்குகிற வரை அடுத்தூண் நிற்கும். கழித்துப் பார்த்தால் வெயிலில் அலைவதற்கு மிஞ்சுவது சொற்பம். போக வேண்டாம் என்று நானே சொன்னேன். அவருடைய மகனும் சொன்னான். அவர் என் மேசையில் உட்கார்ந்து, சம்மதம் என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

நாலு மாதம் ஓடைக்கரையும் வயல்வரப்புமாக நடந்தார். ஒரு கல் ஒரு வீட்டுத் தொழுவத்தில் எருமை கட்டும் கல்லாக இருந்தது. அந்த வீட்டுக்காரி, எருமை எந்த ராஜ்யம் என்று முடிவாகும் வரை பால் கறக்கலாமா என்று கேட்டாளாம். இன்னொரு கல் துணி துவைக்கும் கல்லாகத் தேய்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் குறித்துக் கொடுத்துவிட்டு, நின்றுபோன அடுத்தூணை மறுபடி தொடங்க மனு எழுத என்னிடம் வந்தார். கறுத்து, மெலிந்து, தாடி வளர்ந்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். வராந்தாப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவிக்கொண்டார். ரொம்ப வலிக்கிறதா என்று ஞானமுத்து கேட்டார். நேசையன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல சும்மா இருந்தப்பம் தல முதலு எல்லாம் வலிச்சுது ஓய். இப்பம் காலு மட்டுமாக்கும் வலிக்குது."

ஐம்பத்தைந்தில் மனிதனுக்கு வேலை போதும் என்று சட்டம் எழுதியவருக்கு, எழுதிய அன்று நாற்பதுகூட ஆகியிருக்காது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.